சிவப்பு மையில் ஒரு 'ப'

அன்புள்ள மகனுக்கு,

நீ அங்கே சுகமா, நாங்கள் இங்கே சுகம் என்ற வரிகளை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். நான் சுகமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் டாக்டர் சொன்ன இடத்தில்தான் நிற்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் நம் வீட்டில் கை நனைக்க வந்தார்களே, அன்று மத்தியானம் தொடங்கிய குமட்டல் இன்னும் நிற்கவில்லை. அல்வாவில் போட்ட நெய் சரியில்லை என்கிறாள் உன் அம்மா. நெய் நல்ல நெய்தான். அதைத் தின்றவன்தான் சரியில்லை.

நீ தண்ணீர்ச் செம்போடு பந்தியில் நின்றுகொண்டிருந்தாய். உன் வருங்கால மாமனார் சாப்பிட்டு முடித்து, உன் அம்மா விளக்கேற்றிவிட்டு வைத்திருந்த தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, மருந்து முனையை ஒடித்துப் போட்டுவிட்டுப் பல் குத்த ஆரம்பித்தார். அப்படியே சொன்னார்: "மாப்பிள்ளையப் பத்திக் கோவில்பட்டி பூரா விசாரிச்சிட்டேன் அண்ணாச்சி. பீடி கிடையாது, சிகரெட்டு கிடையாது. ஒரே ஒரு கேசுதான் இருக்கு. சின்னதுல என்னமோ சீட்டு வெளையாட்டுல கள்ளச் சீட்டு செஞ்சு மாட்டிக்கிட்டாராம்லா? நீங்க ஊரு முன்னால வச்சு அறைஞ்சீங்களாம்லா?" எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "ஆமா மாமா, நான்தான் செஞ்சேன்" என்று அவருக்குத் தண்ணீர் ஊற்றினாய். அவர் என் தொடையில் தட்டி, "பெத்த புள்ளன்னு பாக்காம கையை ஓங்குனீங்க பாருங்க, அதக் கேட்ட பெறவுதான் இந்த வீட்டுக்குப் பொண்ணு குடுக்கலாம்னு முடிவே பண்ணுனேன்" என்றார். நான் என்ன செய்தேன்? இன்னொரு துண்டு அல்வா வாங்கித் தின்றேன்.

அந்தச் சீட்டைச் செய்தவன் நான். இதை எழுத எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும். இப்படி ஒருவருக்கொருவர் தெரிந்ததை வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இட்லி சாப்பிட்டிருக்கிறோம். நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. உன் கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள். ஒரு பெண் உன்னைக் களவாணி என்று நினைத்துக்கொண்டு மணவறையில் வந்து உட்காரப் போகிறாள், அந்தக் களவாணியை அடித்துத் திருத்திய உத்தமர் என்று என் காலில் விழுந்து எழுந்திருக்கப் போகிறாள். அதற்கு முன் சொல்லிவிட வேண்டும்.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். ஆனால் நான் சொன்ன விதத்தில்தான் தெரியும். அப்பா லேபிள் ஆர்ட்டிஸ்ட், தீப்பெட்டி மேல் ஒட்டும் படத்தை வரைகிறவர், ஜீரோ நம்பர் பிரஷ்ஷில் யானையின் கண் இமையைக்கூடப் போட்டுவிடுவார் என்று பள்ளிக்கூடத்தில் பெருமை அடித்திருக்கிறாய். யானை நான் நினைத்த யானை இல்லை. யாரோ எங்கேயோ போட்ட யானையைப் பார்த்து, தும்பிக்கையைக் கொஞ்சம் திருப்பி வைத்த யானை. வடக்கே ஒரு கம்பெனியின், மூன்று பம்பரம் போட்ட தீப்பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அச்சக முதலாளி அந்தப் பெட்டியை என் மேஜையில் வைத்து, "அண்ணாச்சி, பம்பரம் போல வேணும். ஆனா பம்பரமா இருந்துறக் கூடாது" என்றார். நான் மூன்று பூண்டு வரைந்தேன். அதே மஞ்சள், அதே கரை, அதே சாய்ந்த எழுத்து. கைக்கெட்டும் தூரத்தில் வைத்தால் பூண்டு. கடைக்காரன் அலமாரியில் வைத்தால் பம்பரம். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தேன். உன் அம்மா ரசத்துக்குப் பூண்டு தட்டும்போதெல்லாம் "பம்பரம் தட்டுதேன்" என்று சொல்வாளே, அது அங்கிருந்து வந்ததுதான்.

எங்கள் அச்சகத்தில் போலி என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. 'போல' என்போம். போல வேலை ஒன்று வந்திருக்கிறது, போல வேலைக்கு நம்ம அண்ணாச்சி கைதான் ராசி, இப்படி. ஒரு மேல்விலங்கு போட்டால் போலி ஆகிவிடும், அந்த விலங்கைப் போடாமலேயே முப்பது வருஷம் ஓட்டினோம். யார் அந்தப் பெட்டியை வாங்கினார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. எழுத்துத் தெரியாதவன்தான் படத்தை நம்பி வாங்குகிறான். பெட்டிக்குள் இருந்த குச்சியில் மருந்து சரியாகப் பிடித்திருக்காது. மழைநாளில் ஈர விறகுக்கு முன்னால் உட்கார்ந்து, பம்பரம் பத்தாமல் போகிறதே என்று எந்தப் பெண் எத்தனை குச்சியை வீணாக்கினாளோ. இந்த யோசனை எல்லாம் வேலையிலிருந்து நின்ற பிறகு வருகிறது. சம்பளம் வாங்கும்போது வரவில்லை. அதுவும் கேவலம்தான்.

அந்தச் சீட்டு விளையாட்டு நம் ஊருக்கு வந்தது உன் மாமாவால். கப்பலில் வேலை பார்த்தவர், நீ பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய வருஷம் ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். ரம்மிச் சீட்டு மாதிரி இல்லை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பூதமோ வீரனோ மிருகமோ, கீழே அதன் பலம். அவனவன் தன் கட்டைத் தானே சேர்த்து வைத்து ஆட வேண்டும். உங்கள் வகுப்பில் ஐந்தாறு பேர் பைத்தியமாக அலைந்தீர்கள். உன் கூட்டாளி மாரிச்சாமி பசுவந்தனையிலிருந்து பஸ்ஸில் வருவான். வந்ததும் நம் வீட்டு நடையில் சீட்டைப் பரப்பிவிடுவான். உன் சீட்டுக் கட்டிலேயே உசத்தி ஒரு டிராகன் சீட்டு. அதன் மேல் நான் வார்னிஷ் டப்பாவை வைத்தேன். எடுத்தபோது டிராகனின் முகமும் டப்பாவோடு வந்துவிட்டது. நீ அழுதாய். "ஒரு சீட்டுக்கு இம்புட்டு ஒப்பாரியாலே?" என்று கேட்டுவிட்டு நான் குளிக்கப் போனேன். அதற்கும் நான் வருத்தம் சொல்லவில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் ஸ்டேஷனரிக் கடைக்காரர் ஒருவர் தன் மாடியில் போட்டி வைத்தார். மதுரையில் கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் நடுவர். அவன் ஒரு விதி சொன்னான். சொந்தச் சீட்டு கெட்டுப்போயிருந்தால் அதற்குப் பதிலாகக் கையால் செய்த சீட்டை வைத்துக்கொள்ளலாம். பெயரும் பலமும் சரியாக எழுதியிருக்க வேண்டும். கெட்டுப்போன சீட்டு கேட்டால் காட்டப் பையில் இருக்க வேண்டும். முக்கியமாக, செய்த சீட்டு என்று எல்லோருக்கும் தெரியும்படி அதில் அடையாளம் இருக்க வேண்டும். அவன் அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் சொன்னானாம். உங்கள் வாயில் அது நுழையவில்லை. மாரிச்சாமிதான் பெயர் வைத்தான். அவன் அப்பா மில்லில் பதிலி. நிரந்தரத் தொழிலாளி வராத அன்று அவனுக்குப் பதிலாக மிஷினில் நிற்கிறவர். காலையில் போய் கேட்டில் நிற்பார், கூப்பிட்டால் உள்ளே, இல்லாவிட்டால் பசுவந்தனை பஸ். "எங்கய்யா மாதிரில்லா இது. பதிலி கார்டு" என்றான் மாரிச்சாமி. அப்படியே நிலைத்துவிட்டது. வலது மூலையில் சிவப்பு மையில் 'ப' என்று எழுத வேண்டும் என்று அந்த நடுவர்ப் பையனும் ஒத்துக்கொண்டான்.

நீ அந்தப் பதிலிச் சீட்டைச் செய்தது எனக்கு ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. அச்சகத்தில் வெட்டிப்போட்ட அட்டைத் துண்டுகளைக் கேட்டு வாங்கினாய். இரண்டை வெள்ளைப் பக்கம் வெளியே வர ஒட்டி, காயும்வரை அம்மிக்கல்லுக்கு அடியில் வைத்தாய். மற்றச் சீட்டுகளோடு சேர்த்து வைத்துக் கண்ணை மூடி விரலால் தடவி, தடிமன் கூடுதலாக இருக்கிறது என்று ஒரு தாளை உரித்துவிட்டு மறுபடி ஒட்டினாய். ஸ்கேல் வைத்து பிளேடால் வெட்டி, மூலைகளைத் தீப்பெட்டியின் உரசும் பக்கத்தில் தேய்த்துத் தேய்த்து வட்டமாக்கினாய். அது எனக்கே தோன்றாத யோசனை. பிறகு படம். டிராகனை நீ எங்கே பார்த்தாய்? நீ பார்த்தது ஓணானை. பருத்திச் செடியின் உச்சியில் கழுத்துச் சிவந்து நிற்கும் ஓணான், அதற்கு வெட்டுக்கிளியின் சிறகு, கீழே வெடித்துக் கிடக்கும் கரிசல். சிறகு ஒன்று கொஞ்சம் கோணல். ஆனால் அந்த ஓணான் என்னை முறைத்தது. நான் வரைந்த எந்த மிருகமும் யாரையும் முறைத்தது கிடையாது.

"ஏலே, இது டிராகன் போல இல்லையேலே" என்றேன்.

"போல இருக்க வேண்டாம்ப்பா. பதிலுக்கு இருந்தாப் போதும்."

"மூலையில இந்த ப என்னத்துக்கு? படத்தையே கெடுக்குது, பாக்கவே அசிங்கமா இருக்கு."

"அது இருக்கதாலதான்ப்பா இது களவு இல்ல" என்றாய்.

நீ என்னைக் குத்திச் சொல்லவில்லை. பதினைந்து வயதுப் பையன் விதியைச் சொன்னான், அவ்வளவுதான். எனக்கு முகத்தில் காறித் துப்பியது போல இருந்தது. மறுநாள் சனிக்கிழமை, போட்டிக்கு முந்தின நாள். மத்தியானம் அச்சகத்தில் கரண்ட் போய் மிஷின் நின்றது, பையன்கள் டீ குடிக்கப் போனார்கள். உன் பையிலிருந்து எடுத்துக்கொண்டு போயிருந்த கெட்ட சீட்டை லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்து, புது அட்டை ஒன்றில் அப்படியே வரைந்தேன். டப்பா பிடுங்கிக்கொண்டு போன முகத்தை உன் மாமா கொடுத்த பெட்டி மேலிருந்த படத்தைப் பார்த்து நிரப்பினேன். அதே நெருப்பு, அதே செதில், அதே பளபளப்பு. ப போடவில்லை. பூண்டு லேபிளில் 'இது பம்பரம் இல்லை' என்று நான் எழுதினேனா என்ன? சாயங்காலம் உன் சீட்டுக் கட்டிலிருந்து ஓணானை உருவிவிட்டு, அதன் பிளாஸ்டிக் உறைக்குள் என் டிராகனைச் செருகி, கெட்ட சீட்டையும் பழையபடி பையில் போட்டுவைத்தேன். உனக்கு உதவி செய்யத்தான் செய்தேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். உன் கையை விட என் கை பெரியது என்று காட்ட வேண்டும் என்று இருந்தது. பெற்ற பிள்ளையோடு போட்டி போடுகிற அப்பன் எப்படிப்பட்டவன் என்று உனக்கே தெரியும்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நாளைக்கு உன் பிள்ளை யானைக்கு ஆறு கால் போட்டால் ஆறு காலாகவே இருக்கட்டும். பென்சிலை வாங்கித் திருத்தாதே. உனக்கு நன்றாக வரையத் தெரியும் என்பதால் இதை முக்கியமாகச் சொல்கிறேன். தெரியாதவன் சும்மா இருந்துவிடுவான், தெரிந்தவன் கைதான் நமநமவென்று அரிக்கும்.

போட்டி நடந்த மாடி ஞாபகம் இருக்கிறதா? ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வெயில், பையன்களின் வேர்வை நாற்றம். எங்கள் முதலாளியைப் பரிசு கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வாரம்தான் பம்பரக் கம்பெனிக்காரனின் வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தது. "கொஞ்ச நாளைக்கு நம்ம கை சுத்தமா இருக்கணும் அண்ணாச்சி" என்று என்னிடம் சொல்லியிருந்தார். கடைசி ஆட்டம் உனக்கும் மாரிச்சாமிக்கும். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு சீட்டை உருவினாய். உருவியவன் அப்படியே நின்றுவிட்டாய். மாரிச்சாமி, "போடுலே" என்றான். நீ சீட்டைப் பார்த்தாய். பிறகு தலையை நிமிர்த்தி, அத்தனை பேரையும் தாண்டி வாசலில் என்னைத் தேடிப் பார்த்தாய். என் கையை உனக்குத் தெரியாதா?

அந்தச் சீட்டைப் போட்டு ஆடியிருந்தால் நீ ஜெயித்திருப்பாய். ஒருவனும் கண்டுபிடித்திருக்க மாட்டான். நீ அதை மேஜையில் மல்லாக்க வைத்து, "சார், இது ஒரிஜினல் இல்ல" என்றாய். நடுவன் எடுத்துப் பார்த்தான். "ஏன் ப போடல?" என்று கேட்டான். "நேத்து வேற கார்டுல்லா காமிச்சான் சார்? ஓணான் போட்டது" என்றான் மாரிச்சாமி. சீட்டு கை மாறி முதலாளியிடம் போனது. அவர் பார்த்தார். அவருக்கும் என் கை தெரியும். மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "யாரு செஞ்சது?" என்று நடுவன் கேட்டான்.

நான் நாலே எட்டில் வந்து உன்னை அறைந்தேன். "களவாணிப் பயலே, இதெல்லாம் எங்கனலே படிச்ச?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை எழுதும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். எங்கே படித்தாயாம்! உன் கன்னத்தில் என் விரல்கள் நாலும் பதிந்திருந்தன. நீ என்னைப் பார்க்கவில்லை. நடுவனைப் பார்த்து, "நான்தான் சார் செஞ்சேன். ப போடல" என்றாய். முதலாளி என் தோளில் கை வைத்து, "புள்ளைய இப்படில்லா வளக்கணும்" என்றார், எல்லாம் தெரிந்துகொண்டே. அவர் வாயில் வெற்றிலை நாற்றம். நான் கும்பிட்டேன்.

மாரிச்சாமி உன்னோடு பேசாமல் போனது தோற்ற கோபத்தில் என்று உன் அம்மா நினைத்தாள். தோற்றது நீ, அவன் ஏன் கோபப்பட வேண்டும்? மாடிப்படியில் அவன் சொன்னதை நான் பின்னாலிருந்து கேட்டேன். "அது எங்கய்யாவோட எழுத்துலே. அதப் போட ஒனக்குக் கேவலமா இருந்துச்சா?" அப்பாவைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க ஒரு சிநேகிதனை விட்டாய். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்: "ஓணான் கார்டு எங்கப்பா?" நான், "எந்தக் கார்டு?" என்றேன்.

இத்தோடு முடிந்திருந்தாலாவது பரவாயில்லை. பூண்டு லேபிளை நிறுத்த வேண்டியதாயிற்று. யாரும் கேஸ் போட முடியாத புதுப் படம் ஒன்று வேண்டும் என்றார் முதலாளி. நான் மூன்று நாள் வெறும் காகிதத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பார்ப்பதற்கு எதிரில் ஒன்று இல்லாவிட்டால் எனக்கு ஒரு கோடுகூட வரவில்லை. நாலாம் நாள் மேஜை டிராயரைத் திறந்து, அதற்குள் போட்டுவைத்திருந்த உன் ஓணானை எடுத்தேன். மீதி உனக்குத் தெரியும். மூலையில் இருந்த ப-வை பிளேடால் சுரண்டி எடுத்தேன், லேபிளில் கோணல் சிறகை நேராக்கினேன், சுற்றிலும் ஒரு மஞ்சள் கரை போட்டேன். பறக்கும் ஓணான். வடக்கே அது ஓடிய ஓட்டத்தில் முதலாளி எனக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார். "இதுதான் அண்ணாச்சி சொந்தச் சரக்கு" என்று எல்லோரிடமும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

முதல் பண்டலில் ஒரு பெட்டியை உன் அம்மாதான் அடுப்பங்கரைக்கு எடுத்துப் போனாள். நீ அங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாய். பெட்டியைக் கையில் வாங்கினாய். இந்தப் பக்கம் பார்த்தாய், அந்தப் பக்கம் பார்த்தாய். ஒரு குச்சியை உரசி ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டு, "நல்லாப் பத்துதும்மா" என்று அவளிடம் திருப்பிக் கொடுத்தாய். அன்றைக்குப் பிறகு நீ பிரஷ்ஷைத் தொடவில்லை. கம்ப்யூட்டர் படித்தாய், கோயம்புத்தூருக்குப் போனாய், நல்ல வேலை. பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நம் வீட்டில் இன்றுவரை அதே பெட்டிதான். போன ஞாயிற்றுக்கிழமை விளக்கேற்றியதும் அதே ஓணான்தான், உன் மாமனார் பல் குத்தியதும் அதில் இருந்த குச்சிதான். தண்ணீர் ஊற்றும்போது நீ அதைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

உன் மேலும் எனக்கு வெறுப்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். "நான்தான்" என்று நீ சொல்கிறாயே, அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பதினைந்து வயதில் சொன்னது பயம், பாசம், என்னவோ. இந்த வயதில் சிரித்துக்கொண்டே சொல்வது எனக்கு நீ போடும் தீனி. அதைத் தின்று தின்றுதான் நான் இத்தனை வருஷம் கொழுத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு ஆபீஸில் ஒருவன் செய்த தப்பையும், சொந்தக்காரன் ஒருவன் செய்த தப்பையும் இப்படியே தலையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வராதே. உன் தலையோடு இன்னொருத்தி தலையும் சேர்ந்து குனியும். செய்யாததைச் செய்தேன் என்று சொல்வதும் பொய்தான். அது உனக்குத் தெரியாமல் போனது என் வளர்ப்பு.

நேற்று விளாத்திகுளம் போனேன். பஸ்ஸில் இரண்டு தடவை இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். உன் மாமனார் மிளகாய் வற்றல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் விடாமல். அவர் என்ன செய்தார் தெரியுமா? விழுந்து விழுந்து சிரித்தார். "அட, விடுங்க அண்ணாச்சி. அந்த நேரத்துல டக்குனு கை நீட்டித் தப்பிச்சீங்க பாருங்க, ஒங்க மூளை யாருக்கு வரும்?" என்றார். என் மேல் அவருக்கு மரியாதை கூடிவிட்டது.

உள்வாசலில் என் மருமகளாகப் போகிற கவிதா நின்றிருந்தாள். முழுவதையும் கேட்டிருக்கிறாள். மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "அப்பா வந்து சொன்ன அன்னைக்கே அவியகிட்ட போன்ல கேட்டேன் மாமா. நான்தான்னு சொன்னாவ. சரி, சின்னதுல செஞ்சதுதானேன்னு நம்பிட்டேன்" என்றாள். தம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "இனிமே அப்படிச் சொன்னா நம்ப மாட்டேன்" என்றாள். பிறகு கேட்டாள்: "அந்த ஓணான் இப்ப எங்கன இருக்கு?"

சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். சிறகைப் பார்த்துச் சிரித்தாள். வலது மூலையை விரலால் தடவி, "இங்கன சொரசொரன்னு இருக்கு" என்றாள். "அங்கனதாம்மா அந்த எழுத்து இருந்துச்சு. நான் சுரண்டுனது. சிவப்பு மை வாங்கி வச்சிருக்கேன், எழுதி அவன்கிட்ட குடுத்துருதேன்" என்றேன். அவள் சீட்டை என் கையில் திருப்பி வைத்தாள். "நீங்க எழுதாதீங்க மாமா. அவிய எழுதட்டும்" என்றாள்.

அதனால் எழுதவில்லை. இந்தக் கடிதத்தோடு உறைக்குள் ஓணான் இருக்கிறது, மூலை சுரண்டியபடிக்கே இருக்கிறது. சிவப்பு மை பாட்டிலை நீ வரும்போது தருகிறேன். எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். மன்னிப்பு என்ற சொல்லை இந்தக் கடிதத்தில் நான் போடவில்லை, கவனித்திருப்பாய். அதைப் போட்டால் நீ உடனே "விடுங்கப்பா" என்று சொல்லிவிடுவாய், எனக்குத் தெரியும். சொல்லாதே. கொஞ்ச நாள் எனக்குக் குமட்டட்டும்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கையால் எழுதினேன். ஒன்று பசுவந்தனைக்கு, மாரிச்சாமி வீட்டுக்கு. அவன் அப்பா இன்னும் இருக்கிறாராம், அவரும் படிக்கட்டும். ஒன்று விளாத்திகுளத்துக்கு. முதலாளிக்கும் ஒன்று அனுப்பியிருப்பேன், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். எந்த உறையையும் நான் ஒட்டவில்லை, தபால்காரர் படித்தாலும் சரி. அந்த இரண்டு கடிதத்திலும் வலது மூலையில் சிவப்பு மையில் ப என்று எழுதியிருக்கிறேன். உன் கடிதத்தில் அது இல்லை, தேடாதே. உன்னிடம் இருப்பதுதான் முதலில் எழுதியது. நான் எதையும் பார்த்து எழுதாதது என் வாழ்நாளில் இது ஒன்றுதான்.

உன் அப்பா